மெழுகு பூசிக்கொள்ளும் தவளை: சாக்கோவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பராகுவேயின் மேற்குப் பாதி, அர்ஜென்டினாவின் வடக்கு, பொலிவியாவின் தென்கிழக்கு, பிரேசிலில் ஒரு ஓரம். இவ்வளவு தூரம் விரிந்து கிடக்கும் வறண்ட சமவெளிக்குச் சாக்கோ என்று பெயர். முள் மரங்களும் கள்ளிகளும் நிறைந்த காடு அது. கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சாதாரணம். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் மழை எட்டிப் பார்க்காது. அந்தக் காட்டில்தான் ஃபில்லோமெடூசா சவாஜீ என்ற மரத்தவளை வாழ்கிறது. தவளை ஆர்வலர்கள் இதை மெழுகுக் குரங்குத் தவளை என்கிறார்கள். 1882-ல் பூலஞ்சே என்ற விலங்கியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்.

தென் அமெரிக்க மரத்தவளைகளை இப்போதுதான் அறிந்துகொள்ளத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அமேசான் மழைக்காட்டையே நினைக்கிறார்கள். என் யோசனை வேறு. இந்த ஒரு தவளையை எடுத்துக்கொண்டு, அதன் ஊரில் போய், அதன் நேரத்தில் பாருங்கள். ஒரு தவளையின் உடம்பு எதையெல்லாம் சமாளிக்க வேண்டியிருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு இனம் எனக்குத் தெரிந்து தென் அமெரிக்காவில் இல்லை.

கிளம்பும் முன்பே மனதில் வைக்க வேண்டியது

சாதாரணத் தவளையின் தோல் தண்ணீரைத் தடுக்காது. திறந்து வைத்த தண்ணீர்ப் பரப்பிலிருந்து எவ்வளவு வேகமாக நீர் ஆவியாகுமோ, ஏறக்குறைய அதே வேகத்தில் தவளையின் உடம்பிலிருந்தும் போய்விடும். அதனால்தான் தவளைகள் பகலில் சேற்றிலும் கல்லடியிலும் ஒளிந்துகொள்கின்றன. இந்தத் தவளையோ பகல் முழுக்கக் கிளையில், காற்று படும் இடத்தில், வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறது. உடம்பின் நீர் எங்கே போகிறது, அதை எப்படி நிறுத்துகிறது, இழந்ததை எப்படித் திரும்பப் பெறுகிறது? இந்த மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அதன் பழக்கம் ஒவ்வொன்றுக்கும் காரணம் புரியும். இல்லாவிட்டால் மணிக்கணக்கில் அசையாத ஒரு பச்சைப் பொருளைப் பார்த்துக்கொண்டிருந்த அலுப்புதான் மிஞ்சும்.

படி 1: வீட்டிலேயே கண்ணைப் பழக்குங்கள்

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மழைக்காலத்தில் குளியலறைச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டி மூடியின் அடியிலும் வந்து ஒட்டிக்கொள்ளும் பழுப்பு நிற மரத்தவளை இருக்கிறதே, பாலிபிடேட்ஸ் மாகுலேட்டஸ், அதுவும் நம் சாக்கோ தவளையைப் போல உடம்பைத் துடைத்துக்கொள்ளும் தவளைதான். தோலில் ஊறும் சுரப்பைக் கைகால்களால் உடம்பெங்கும் பரப்பும் அதன் பழக்கத்தை லில்லிவைட் என்ற ஆய்வாளரும் இந்திய விலங்கியலாளர்களும் 1997-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சாக்கோ தவளை அளவுக்கு இது நீரைத் தடுத்துவிடுவதில்லை. ஆனாலும் பயிற்சிக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

இரவில் தவளை சுவரில் வந்து உட்கார்ந்ததும் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, மங்கலான டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். கைகளை எப்படி மடக்கி மார்புக்கு அடியில் செருகுகிறது, தொண்டை எப்போது துடிக்கிறது, எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள். அசையாத பிராணியிடம் அசைவைத் தேடும் பொறுமை இப்படித்தான் வரும். அது இல்லாமல் சாக்கோவுக்குப் போய்ப் பயனில்லை.

படி 2: மாதமும் இடமும்

மழைக்காலம் சுமாராக அக்டோபர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களில் போகாதீர்கள். தவளைகள் மரப்பொந்துகளிலும் மறைவிடங்களிலும் அடங்கிக் கிடக்கும் காலம் அது. நவம்பர், டிசம்பர், ஜனவரிதான் சரியான நேரம்.

புதிதாகப் போகிறவர்களுக்குப் பராகுவே பக்கம் வசதி. தலைநகர் அசுன்சியோனிலிருந்து ட்ரான்ஸ்-சாக்கோ நெடுஞ்சாலையில் வடமேற்கே சுமார் 450 கிலோமீட்டர் போனால் ஃபிலடெல்ஃபியா. மென்னோனைட் கிறித்தவர்கள் 1930-ல் உருவாக்கிய குடியேற்றத்தின் நகரம் அது. தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். பண்ணைகளில் மாடுகள் தண்ணீர் குடிக்க வெட்டிய குட்டைகளைத் ‘தஹமார்’ என்கிறார்கள். சாலையோரப் பள்ளங்களும் இந்தக் குட்டைகளும்தான் தவளைகள் கூடும் இடம். பண்ணைக்குள் போக உரிமையாளரிடம் கட்டாயம் அனுமதி கேளுங்கள். கேட்காமல் இரவில் டார்ச்சோடு வேலி தாண்டினால் நீங்கள் என்ன தேடினாலும் சரி, மாட்டுத் திருடன் என்றுதான் நினைப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தவளையை வெளியே கொண்டுவருவது பெருமழை. அதே மழைதான் மண் சாலைகளை மூடிவிடுவதும். சாக்கோவின் களிமண் நனைந்தால் வண்டி நகராது. அதனால் மழை பெய்ததும் கிளம்பலாம் என்று அசுன்சியோனில் காத்திருக்காதீர்கள். முன்னதாகவே போய், குட்டைக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் தங்குங்கள். பயணத் திட்டத்தில் சில நாட்கள் கூடுதலாக வையுங்கள். மழை நம் டிக்கெட்டைப் பார்த்து வருவதில்லை.

படி 3: எடுத்துக்கொள்ள வேண்டியவை

முழங்கால் வரை வரும் பூட்ஸ் முதல் தேவை. குட்டையோரத்துக்குத் தவளையைத் தின்ன யாராரா என்ற விரியன் வகைப் பாம்பும் வரும். தலையில் மாட்டும் விளக்கு, அதில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் நல்லது. கொசுவிரட்டி, தண்ணீர், தொலைநோக்கி. தொலைநோக்கி எதற்கு என்று தோன்றும். தவளையை நெருங்காமல் அதன் கண்ணையும் கையையும் பார்க்க அதுதான் வழி, அதனால் கிட்டத்தில் குவியும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். முழுக்கைச் சட்டையும் வேண்டும். வினால் என்று ஒரு மரம், ஒரு சாண் நீளத்துக்கு முள் வைத்திருக்கும்.

கொசுவிரட்டி தடவிய கையோடு குட்டைத் தண்ணீரைத் தொடாதீர்கள், அது தலைப்பிரட்டைகளுக்கு ஆகாது.

படி 4: பகலில் தேடுங்கள்

பெரும்பாலானவர்கள் இரவுக்குக் காத்திருந்து பகலில் தூங்குவார்கள். இந்தத் தவளையின் மிகப் பெரிய வித்தை நடப்பது பகலில்தான், அதனால் தேடலையும் அப்போதே தொடங்குங்கள்.

குட்டையைச் சுற்றியுள்ள புதர்களிலும் சின்ன மரங்களிலும் தேடுங்கள். இலையைத் தேடாமல் கிளையைத் தேடுங்கள். விரல் தடிமன் உள்ள கிளையை நான்கு கைகால்களாலும் பற்றிக்கொண்டு, பிறகு அவற்றை உடம்புக்கு அடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நிறம் பச்சை. உதட்டிலிருந்து விலாவை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வயிற்றுப் பக்கமும் வெள்ளைத் தீட்டல்கள் இருக்கும். கண்ணுக்குப் பின்னால் தோல் தடித்துப் புடைத்திருக்கும், சுரப்பிகள் அடர்ந்த இடம் அது. கண் திறந்திருந்தால் கண்பாப்பா செங்குத்தான கீற்றாகத் தெரியும். உள்ளங்கையில் அடங்கும் அளவு, பெண் தவளை ஆணைவிடப் பெரிது.

தப்பாக அடையாளம் காண வாய்ப்புள்ள இரண்டு தவளைகள் அங்கே உண்டு. போவானா ரானிசெப்ஸ் பழுப்பு நிறம், ஆளைக் கண்டதும் தாவிவிடும். பிதெகோபஸ் அசூரியஸ் நம் தவளைக்கு உறவுதான், அதுவும் பச்சைதான். ஆனால் மிகச் சிறியது, விலாவிலும் தொடையிலும் ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை தெரியும். நம் தவளை அவசியமில்லாமல் தாவாது. முதல் விரல் மற்ற விரல்களுக்கு எதிராக மடங்குவதால் கிளையைக் கையால் பிடித்து, ஒரு கை, எதிர்ப்பக்கக் கால் என்று மாற்றி மாற்றி வைத்து நிதானமாக நடக்கும். குரங்கு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

கண்டுபிடித்துவிட்டால் நாலைந்து அடி தள்ளியே நின்றுவிடுங்கள். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

படி 5: துடைத்துக்கொள்வதைப் பாருங்கள்

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். விடிகிற நேரத்தில், இரவு வேட்டை முடிந்து தவளை கிளைக்குத் திரும்பும்போது பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தோலில் எங்கும் பரவியிருக்கும் நுண்ணிய சுரப்பிகளிலிருந்து கொழுப்புப் பொருள் ஊறி வெளியே வரும். அதில் பெரும்பங்கு மெழுகு. தவளை முதலில் நன்றாக நிலைகொண்டு உட்காரும். பிறகு ஒரு கை எழும்பித் தலை மேலும் தொண்டையிலும் வழித்துக்கொண்டு இறங்கும். திரும்ப அதே கை, அதே இடம். பின்பு பின்னங்கால் ஒன்று எழுந்து முதுகுக்கு மேல் வளைந்து வரும், பாதம் முதுகில் படிந்து விலாப் பக்கமாக இழுக்கும். மற்ற காலும் அதையே செய்யும். எண்ணெய்க் குளியலுக்கு உட்கார்ந்தவர் ஒரு இடம் விடாமல் தேய்த்துக்கொள்வதைப் போல, எந்த மூலையும் மிச்சமில்லாமல் பூசிக்கொள்ளும். ஒரு காலைத் தூக்கியிருக்கும்போது மற்ற மூன்றும் கிளையை எப்படிப் பிடித்திருக்கின்றன என்று பாருங்கள். அந்தப் பிடி இல்லாவிட்டால் இந்தத் துடைப்பு நடக்காது.

பூசி முடிந்ததும் கைகால்களை அடியில் செருகிக்கொள்ளும், கண் மூடும், தொண்டைத் துடிப்பு அடங்கும். அதன் பிறகு தோல் மங்கலாக, பளபளப்பில்லாமல் தெரியும். அப்போது தூறல் விழுந்தால் நீர் பரவாமல் மணிமணியாகத் தோலின் மேல் நிற்கும். இந்த நிலையில் அது இழக்கும் நீர் பாலைவனப் பல்லிகள் இழக்கும் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு தவளைக்கு இது அசாத்தியமான விஷயம்.

இப்போது நெருங்கக் கூடாது என்பதன் காரணம். அந்த மெழுகுப் படலம் மிக மெல்லியது. தவளை பதறி நகர்ந்தால் படலம் உடையும், உடைந்த இடத்தில் நீர் கசியும், மறுபடி சுரந்து மறுபடி பூச வேண்டும். நாம் ஒரு படத்துக்காகக் கிளையை ஆட்டினால், அந்த வெயிலில் அதன் நீர்க் கையிருப்பில் கை வைக்கிறோம் என்று அர்த்தம். பகலில் தூங்கும் தவளையைக் கிளையோடு வெட்டி எடுத்து நல்ல வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடிப்பவர்கள் உண்டு. அப்படி ஒரு படம் கிடைக்கவே வேண்டாம்.

படி 6: வெயில் ஏறும்போது கவனிக்க வேண்டியவை

பத்து மணிக்கு மேல் நீங்கள் நிழலைத் தேடுவீர்கள். தவளை அங்கேயே இருக்கும். தன் உடம்புச் சூட்டைக் காற்றின் சூட்டோடு சேர்ந்து ஏறவிடும். குளிர்வித்துக்கொள்ள நீரைச் செலவழிக்காது. உடல் வெப்பம் 38, 40 டிகிரியை நெருங்கும்போதுதான் தோல் சுரப்பிகள் நீரை வெளியேற்றத் தொடங்கும், நாம் வியர்ப்பது மாதிரியே. அதற்கு மேல் சூடு ஏறாமல் அந்த நீர் காக்கும். 1980-களில் ஷூமேக்கர், மெக்லனகன் முதலான உடலியல் ஆய்வாளர்கள் இதைத் துல்லியமாக அளந்தார்கள். சேமித்து வைத்த நீரை எப்போது செலவழிப்பது என்ற அந்த நிதானம்தான் என்னை மிகவும் ஈர்ப்பது.

இன்னொரு பக்கமும் சேமிப்பு நடக்கிறது, அதைக் கிளைக்கு அடியில் பார்க்கலாம். பொதுவாகத் தவளைகள் உடம்பின் கழிவு நைட்ரஜனை யூரியாவாகக் கரைத்துச் சிறுநீரில் வெளியேற்றும், அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். இந்தத் தவளை பறவைகளையும் பல்லிகளையும் போல அதில் பெரும்பகுதியை யூரிக் அமிலமாக்கி, வெண்மையான குழம்பாகக் கழிக்கிறது. ஆப்பிரிக்காவின் கைரோமேன்டிஸ் என்ற மரத்தவளையிடம் 1970-ல் இது தெரிய வந்தது. 1972-ல் ஷூமேக்கரும் கூட்டாளிகளும் நம் தவளையிடமும் இருப்பதைக் காட்டினார்கள். இரண்டு கண்டங்களில், நெருங்கிய உறவில்லாத இரண்டு தவளைகள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. தவளை தினமும் உட்காரும் கிளையின் கீழே வெள்ளைக் கறை தெரிந்தால் பறவை எச்சம் என்று கடந்துவிடாமல் ஒருமுறை மேலே பாருங்கள்.

சரி, வாங்கும் பக்கம்? தவளைகள் பொதுவாக வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சும். மெழுகு பூசியவனுக்கு அது முடியாதே. மழை வரும்போது இது தலையை நிமிர்த்தும், தலையில் விழும் துளிகள் வழிந்து வாய்க்குள் போகும். முதல் தூறல் விழும்போது குடையைத் தேடி ஓடாமல் தவளையின் முகத்தைப் பாருங்கள்.

படி 7: மழை இரவு

பெருமழை பெய்த இரவில் குட்டையோரம் போனால் காது அடைத்துவிடும். தரையில் கொம்புத் தவளைகள், தண்ணீருக்குள் வாய் பெருத்த லெபிடோபாட்ராகஸ், நுரைக்கூடு கட்டும் சின்னத் தவளைகள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்திருக்கும். நம் தவளையின் ஆண், நீருக்கு மேல் சாய்ந்த புதர்களில் இருந்து குட்டையான, வறண்ட, கரகரத்த குரலில் விட்டுவிட்டுக் கூப்பிடும். அந்தக் கூச்சலில் இது அமுங்கிப் போகும். கண்ணை மூடிக்கொண்டு தலை உயரத்திலிருந்து வரும் ஒலிகளை மட்டும் பிரித்துக் கேளுங்கள், தரையிலிருந்து வருபவை வேறு இனம்.

வெளிச்சத்தை நேராகக் கண்ணில் அடிக்காதீர்கள். ஜோடி சேர்ந்ததைப் பார்த்தால் சிவப்பு விளக்குக்கு மாறிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். இந்த வேலைக்கு நேரமாகும்.

ஆணை முதுகில் சுமந்துகொண்டு பெண் தவளை தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையைத் தேடிப் போகும். முட்டையிடத் தொடங்கியதும் இலையின் இரு ஓரங்களையும் பின்னங்கால்களால் உள்ளே இழுத்துப் பிடிக்கும். முட்டையோடு வரும் கூழ் அந்த ஓரங்களை ஒட்டவைக்கும். மேலிருந்து கீழாக இலை ஒரு குழலாக மூடிக்கொண்டே வரும். சின்ன இலைகளானால் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒட்டும். உள்ளே முட்டைகளோடு முட்டையே இல்லாத, வெறும் கூழ் உருண்டைகளும் கிடக்கும். ஓரங்களை ஒட்டுவதோடு, முட்டைகளுக்கான ஈரத்தையும் அவை வைத்திருக்கின்றன. தண்ணீரில் முட்டையிட்டால் அங்கே காத்திருக்கும் வாய்கள் ஏராளம், வெறும் இலையில் இட்டால் காய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இது ஒரு வழி. நூறு வருடத்துக்கும் முன்பே வில்ஃப்ரெட் ஏகர் என்ற விலங்கியலாளர் இந்தத் தவளையின் கூடு கட்டும் பழக்கத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

மறுநாள் வந்து மடிந்த இலை எங்கே தொங்குகிறது என்று பார்த்து வையுங்கள். பிரித்துப் பார்க்கக் கூடாது, பிரித்தால் அவ்வளவுதான். ஒரு வாரம், பத்து நாள் போனால் தலைப்பிரட்டைகள் வெளியே வழுக்கி நேரே குட்டையில் விழும். மற்றத் தலைப்பிரட்டைகள் அடியில் சேற்றை மேய்ந்துகொண்டிருக்க, இவை நடுநீரில் தலை மேலாகச் சாய்ந்து, வால் நுனியை மட்டும் அதிரவிட்டபடி ஒரே இடத்தில் நிற்கும். கரையில் குந்தி உட்கார்ந்து, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

தொடாதீர்கள்

மெழுகுப் படலம் ஒரு காரணம். இன்னொன்று, இதன் தோலில் மெழுகு மட்டும் இல்லை. டெர்மார்ஃபின் என்ற ஒரு பொருளை இதன் தோலிலிருந்து 1981-ல் பிரித்தெடுத்தார்கள். வலியை அடக்குவதில் மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமானது. 2012-ல் அமெரிக்காவில் பந்தயக் குதிரைகளுக்கு இதைச் சட்டவிரோதமாகக் கொடுத்தது பரிசோதனையில் பிடிபட்டது. தோலில் இன்னும் பல வீரியமான புரதத் துணுக்குகளும் உண்டு. கையில் சின்னக் கீறல் இருந்தாலோ, தொட்ட கையால் கண்ணைக் கசக்கினாலோ வம்புதான். உள்ளூர்க்காரர் யாராவது பிடித்து உங்கள் கையில் வைக்க வந்தாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

நம்மிடமிருந்து அதற்குப் போகக்கூடிய ஆபத்தும் இருக்கிறது. தவளைகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை, ஒரு குட்டையின் சேற்றிலிருந்து இன்னொரு குட்டைக்குப் பூட்ஸ் வழியே போகும். ஒவ்வொரு குட்டைக்குப் பிறகும் சேற்றை நன்றாகத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் நனைத்து, வெயிலில் முழுக்கக் காயவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். சாக்கோ வெயில் இந்த ஒரு வேலைக்கு நமக்கு நல்ல துணை. கழுவிய நீரைக் குட்டைப் பக்கம் ஊற்றாதீர்கள்.

வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூண்டில் பிறந்து வளர்ந்தவை விற்பனைக்கு வருகின்றன. புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தவளைதானே என்று ஈரமான மூடிய கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் நோய்ப்பட்டுவிடும். இதற்கு வறண்ட காற்றோட்டம், நல்ல சூடு, புற ஊதா விளக்கு, ஏற வசதியான கிளைகள் எல்லாம் சரியாக அமைய வேண்டும். காட்டிலிருந்து பிடித்து விற்பவரிடம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள்.

குறிப்பும் படமும்

நோட்டில் எழுத வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் அங்கேயே அப்போதே எழுதுங்கள்: தேதி, நேரம், காற்றின் வெப்பம், கடைசியாக மழை எப்போது, தவளை இருந்த கிளையின் உயரம், வெயிலிலா நிழலிலா, துடைத்துக்கொண்டதா, எந்தக் கையால் தொடங்கியது, எவ்வளவு நேரம். கிளையின் உயரமும் வெயில்-நிழல் விவரமும் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது. பின்னால் பார்க்கும்போது அதிகம் பயன்படுவதும் அவைதான்.

எந்த உயிரினத்தை எங்கே பார்த்தோம் என்று பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படங்களை ஏற்றலாம். இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைக்கும் வசதி அதில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். செல்லப்பிராணி வியாபாரிகளும் அந்தப் பக்கங்களைப் பார்க்கிறார்கள். சோயாவுக்கும் மாட்டுத் தீவனப் புல்லுக்கும் சாக்கோ காடு வேகமாக அழிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. இனம் இன்னும் அருகிவிடவில்லை என்றாலும், நீங்கள் நின்ற குட்டையைச் சுற்றி மரங்கள் எவ்வளவு தூரம் இருக்கின்றன, எங்கே மேய்ச்சல் நிலம் தொடங்குகிறது என்பதையும் இரண்டு வரி எழுதி, ஒரு படத்தோடு சேர்த்துவிடுங்கள். அனுமதி தந்த பண்ணை உரிமையாளருக்கு அந்தப் படங்களில் நல்லதாக ஒன்றை அனுப்பி வையுங்கள், அடுத்து வருகிறவருக்கும் வேலிக் கதவு திறக்கும்.